சோபாக்காரர் போட்டுக்கொண்ட ஊசி

சோபாக்காரரைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களிடம் அவரே போய்ச் சொல்லிக்கொள்வார். கிழிந்த சோபா, அமுங்கிப்போன நாற்காலி, ஸ்பிரிங் துருத்திய கார் இருக்கை, எதுவானாலும் பிரித்துத் திணித்துத் தைத்துக் கொடுப்பார். வேலையில் குறை சொல்ல முடியாது. அந்த வேலை கொடுத்த தலைக்கனத்தைத்தான் சொல்ல வேண்டும். மனிதர்கள் உட்காரும் இடத்தையே காலமெல்லாம் பார்த்துவந்ததால், உட்காரும் உறுப்பைப் பற்றியும் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தார்.

உடம்பில் ஏதோ வைட்டமின் குறைவு என்று டாக்டர் வாராவாரம் ஊசி எழுதிக்கொடுத்தார். கடையை மூடிவிட்டு கிளினிக்கில் காத்துக்கிடக்க முடியாது என்று இவர் முறுக்கிக்கொண்டார். சரி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். தொடையின் நடுப்பகுதி, வெளிப்பக்கம். உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் போட வேண்டும். பின்பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே காலுக்குப் போகிற பெரிய நரம்பு ஓடுகிறது, தானே பார்த்துப் போட்டுக்கொள்ள முடியாத இடம். சுரீரென்று காலில் இழுத்தால் உடனே ஊசியை உருவிவிட வேண்டும். இவர் தலையை ஆட்டிய விதத்தைப் பார்த்ததுமே கூட வந்திருந்த மனைவிக்குப் புரிந்துவிட்டது. வாடிக்கையாளர் பச்சைத் துணி கேட்கும்போதும் இப்படித்தான் ஆட்டுவார். பிறகு பழுப்பில் தைத்துக் கொடுப்பார்.

சில வாரம் தொடையில் போட்டார். வலித்தது. வலித்ததும் ஞானம் பிறந்தது.

“குஷன் எங்க தடிமனா இருக்கோ அங்கதான் குத்தணும். தொடையில என்ன இருக்கு? அந்தப் பொண்ணுக்கு இது கூடத் தெரியல.”

“அது குஷன் இல்லைங்க, உங்க உடம்பு. குடுங்க, தொடையிலயே நான் போடறேன்” என்றாள் மனைவி.

ஒரு பட்டன் நேராக வைக்கத் தெரியாதவள் ஊசி போடுவதாவது என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு பேருந்துக் கம்பெனி தன் வண்டிகளின் இருக்கை உறைகளையெல்லாம் அவரிடம் கொடுத்திருந்த நேரம் அது. கனத்த ரெக்சின். காலால் மிதிக்கும் பெரிய மெஷினில்தான் ஓடும். வலது காலை நம்பித்தான் அந்த ஆர்டர், அந்தக் காலை நம்பித்தான் வீடு.

பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தைத் திருகி, தையல் சாக்பீஸை எடுத்தார். சோபா மெத்தையில் பட்டன் வைக்கக் குறி போடுவது போலவே, வலது பின்பக்கத்தில் மேலும் கீழும் அளந்து, நட்டநடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டார். குத்தினார். கரண்ட் அடித்தது போல் குதிகால் வரை இழுத்தது. புத்தியுள்ளவன் அப்போதே ஊசியை உருவியிருப்பான். இவரோ எடுத்த வேலையைப் பாதியில் விடாதவராயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு மருந்து முழுவதையும் இறக்கினார்.

நடந்து பார்த்தால் பாதம் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. அப்படியே கடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தார். மிதிபலகையை அழுத்த முடிந்தது. அழுத்திய பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. மெஷின் ஒரு தையலோடு நின்றது.

கிளினிக்கில் நர்ஸ் படுக்க வைத்துக் குனிந்து பார்த்தாள்.

“இது என்னங்க ஐயா, சாக்பீஸா?”

“சென்டர் எடுத்திருக்கார் சிஸ்டர்” என்றாள் மனைவி.

நரம்பில் பட்டுவிட்டது, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பலாம், முழுக்கத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மருந்து பழசாக இருக்குமோ என்று கேட்டார் சோபாக்காரர்.

கம்பெனி காத்திருக்காது. மறுநாள் மனைவிதான் மெஷினில் உட்கார்ந்தாள். முதல் உறை கோணிக்கொண்டது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். சோபாக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, தையல் விலகுது, ஓரம் மடியுது என்று நச்சரித்தார்.

அவள் காலை நிறுத்தாமலே சொன்னாள்: “சீட்டைப் பத்தி எவ்வளவு வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஊசி போடற அன்னைக்கு வாயைத் திறந்தீங்க, கிளினிக்குக்கு நீங்களே நடந்து போகணும்.”

அடுத்த வாரம் ஊசியை அவள் போட்டாள். தொடையில், வெளிப்பக்கம். சோபாக்காரர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.