புரிந்தது என்று தலையாட்டினேன்

ஒரகடம் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் பெருக்குகிற வேலை எனக்கு. படித்தது ஐந்தாவது வரைதான். ஒருநாள் ஒரு மேடம் வந்து, "எங்க பசங்க உங்களுக்குப் பாடத்தை விளக்குவாங்க. உங்களுக்குப் புரிஞ்சா அவங்களுக்கு மார்க். எப்படி நடத்தினா பாடம் ஏறுதுன்னு ஆராய்ச்சி பண்றேன்" என்றார். நான் நம்பவில்லை. படிக்காதவர்களை வேலையை விட்டு நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன்.

ஆறு பேர் ஒவ்வொருவராக வந்து, கார் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று சொன்னார்கள். ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில் எல்லோருக்கும் தலையாட்டினேன்.

ஏழாவதாக வந்த மண்ணூர்ப் பெண் பாதியில் நிறுத்தினாள். "இன்னா ஆயா, சும்மா மண்டைய ஆட்டிக்கினு கீறே? நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு."

"என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாம்மா?" என்றேன்.

"உனக்குப் புரியலன்னா என் மார்க்குதான் போவும். உன் வேலை ஏன் போவுது? நான் சொன்ன விதம் சரியில்ல, அவ்ளோதான்."

சிரித்தபடி முதலிலிருந்து சொன்னாள். பிரேக்கை மிதித்தால் குழாயில் இருக்கிற எண்ணெய் போய் அழுத்தி, சக்கரத்தைப் பிடிக்க வைக்கிறது என்று விளங்கியது.

புரியாதது என் குற்றம் என்றே இந்த வயது வரை இருந்துவிட்டேன். மறுநாள் மேடத்திடம் போய், முதல் ஆறு பேர் விஷயத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர்கள் முறைத்துக்கொண்டே மறுபடி வந்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் புரிகிறவரை கேட்டேன்.