இடது பக்கக் கதவு

மொரோக்கோவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த மகள், அப்பாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றாள். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியே காலம் தள்ளிய மனிதர். போன வருஷம் வலிப்பு வந்தது. இனி ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் காரை நான்தான் ஓட்டுகிறேன்.

ஓட்டுவதுகூடப் பரவாயில்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியதுதான் பெரும்பாடு. ஃபெடரல் ஹைவேயில் நான் லேன் மாறினால், அங்கே இல்லாத பிரேக்கை அவர் கால் மிதிக்கும். நான் பயந்து பயந்து ஓட்டுகிறேன் என்று வழி நெடுகப் புலம்பல். ஒரு நாள் பங்சார் திருப்பத்தில் பொறுமை போய், வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்று கத்திவிட்டேன். அவரும் மூடிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து பின் சீட்டில் ஏற ஆரம்பித்தார்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, நான் முன்னால், அவர் பின்னால். முதலாளியும் டிரைவரும்தான். கண்ணாடியில் பார்த்தால் குனிந்த தலை மட்டும் தெரியும். கல்யாணமான நாள் முதல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஊர் சுற்றியவள் நான். இப்போது என் பக்கத்துக் காலி சீட்டில் கைப்பையை வைத்துக்கொள்கிறேன். மனிதர் மறுபடி முன்னால் வருவாரா, இல்லை இப்படியே விலகிப் போய்விடுவாரா என்பதுதான் என் கவலை. மொரோக்கோ பயணம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

மராகேஷிலிருந்து மலைக்கு ஒரு நாள் பயணம். காரையும் டிரைவரையும் மகளே ஏற்பாடு செய்திருந்தாள். டிரைவருக்கு அவள் வயதுதான் இருக்கும். முன்னால் உட்கார்ந்தால் மலை நன்றாகத் தெரியும், வாருங்கள் என்று இவரை ஆங்கிலத்தில் அழைத்தான். அந்நியன் கூப்பிடும்போது எப்படி மறுப்பது? இவர் நேராக இடது பக்கம் போய் முன் கதவைத் திறந்தார். நம் ஊரில் டிரைவருக்குப் பக்கத்து சீட் இடது பக்கம்தான். அங்கே ஸ்டீரிங் இருந்தது.

கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "நீங்களே ஓட்டுகிறீர்களா பாஸ்?" என்று டிரைவர் சிரித்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். இவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பின் சீட்டுக்கு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது. ஓடையோரம் வால்நட் மரங்கள். மலையின் செம்மண்ணாலேயே கட்டி அதன்மேல் ஒட்டிவைத்த வீடுகள். உச்சியில் கொஞ்சம் பனி. நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். இவர் டிரைவரின் கைகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மலைப்பாதையின் உச்சியில் ஒரு கடையில் புதினா டீ குடிக்க நிறுத்தினான். பாயசத்துக்குப் போட்டியான இனிப்பு. குடித்து முடிப்பதற்குள் மேகம் இறங்கிப் பாதையை மூடிவிட்டது. மறு பக்கம் இறங்க வேண்டும். டிரைவர் கார் அருகே நின்று, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். உதடு எதையோ முணுமுணுத்தது.

இவர் எழுந்து போய், பயமா என்று தன் துறைமுக ஆங்கிலத்தில் கேட்டார். முதலில் அவன் சிரித்தான். பிறகு தலையாட்டினான். மழை பெய்தால் இந்த இறக்கத்தில் கல் உருளுமாம். இதையெல்லாம் மனைவியிடம் சொல்வதில்லையாம்.

இவர் கடைக்குத் திரும்பி நான்கு எலுமிச்சம்பழம் வாங்கினார். நம் ஊர்ப் பழம் மாதிரி இல்லை, மஞ்சளாக, மாங்காய் அளவு. முழங்காலைப் பிடித்துக் குனிந்து ஒவ்வொரு டயருக்கும் ஒன்றாக வைத்தார். தூரப் பயணம் கிளம்பும் நாளில் லோரிக்கு இப்படித்தான் வைப்பார். நோய் வந்த பிறகு எங்கள் காருக்குக்கூட வைத்ததில்லை. டிரைவர் என்னைப் பார்த்தான். வழித்துணைக்கு எங்கள் வேண்டுதல் இது என்றேன். அவன் நன்றியோடு தன் நெஞ்சில் கை வைத்தான்.

இவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நம்ம ஊரு காராக் மலை எறங்கறப்பல்லாம் நானும் இவன மாதிரித்தான். பின்னால லோடு தள்ளும். காலம் பூரா பயந்துதான் ஓட்டினேன். உன்கிட்ட சொன்னதில்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"பக்கத்துல ஒரு ஆளு இருந்தா பயம் கொறயும். லோரியில யாரு இருந்தா?"

சொல்லிவிட்டுக் காரைச் சுற்றிப் போய் வலது கதவைத் திறந்து முன்னால் உட்கார்ந்தார். அவர் காலமெல்லாம் உட்கார்ந்த பக்கம்தான், ஸ்டீரிங் மட்டும் இல்லை. பழங்களை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பியது. எப்படி ஓட்ட வேண்டும் என்று வழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள், டீசல் என்ன விலை என்று கேட்டபடியும் டுரியான் பழத்தின் நாற்றத்தை விளக்கியபடியும் வந்தார். கால் சும்மா இருந்தது. பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த டிரைவர்மேல் பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு, முதல் சனிக்கிழமை மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். நான் காரில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இவர் சமையலறையிலிருந்து கை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார். ஒவ்வொரு டயரிடமும் குனிந்து நிமிர்ந்தார். பின் கதவு திறக்கும் என்று காத்திருந்தேன்.

என் இடது பக்கக் கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

"ஹைவேல மழை லா. பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். எடு, போலாம்."

நான் மெதுவாகப் பிரேக்கை விட்டேன். பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது.