பெரியகல்லாற்றுத் துறையில் எடுத்த வெற்றிலை

மட்டக்களப்புக்குப் போகும் தோணிக்காகப் பெரியகல்லாற்றுத் துறையில் நிற்கிறேன். வாவியில் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் வெற்றிலை வட்டாவோடு வந்து ஒவ்வொருவரிடமும் நீட்டுகிறார். என்னிடமும் நீட்டுகிறார். கொழும்பில் வளர்ந்தவன் நான். உபசாரம் என்று நினைத்து எடுத்து, மடித்து வாயில் போட்டுக்கொள்கிறேன்.

"அப்ப சனிக்கிழம கூத்துக்கு வாறீங்க தம்பி. அரங்கேத்தம். என்ட மகன் முதல் தரம் ராசாவா ஆடுறான்."

"நாளைக்கு நான் ரயில் ஏறவேணும் ஐயா. சனிக்கிழமை எங்கட கல்லூரியில நாடகம்."

அவர் முகம் வாடுகிறது. "மறுகா என்னத்துக்கு வெத்தில எடுத்தீங்க? எடுத்தா வாறன் எண்டுதானே அர்த்தம்?"

பாதி மென்றதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? தெரியாமல் எடுத்துவிட்டதாகச் சொல்கிறேன்.

"நாடகத்தில உங்களுக்கு என்ன வேசம்?"

"வேசமில்ல. திரை இழுக்கிறது."

அவர் சிரிக்கவில்லை. "ஓம், அதுக்கும் ஆள் வேணும்தானே" என்கிறார்.

தோணி வந்துவிடுகிறது. அந்தத் திரையை யாரும் இழுக்கலாம். ஒரு தந்தி அடித்தால் போதும், இங்கேயே நின்றுவிடலாம். அது தெரிந்தும் ஏறி உட்காருகிறேன். தோணி கரையை விட்டு நகர்ந்த பிறகு அவர் கூப்பிட்டுச் சொல்கிறார்:

"ஏலுமெண்டா வாங்க தம்பி! கூத்துக் களரிக்கு முன்னால உங்களுக்கு ஒரு பாய் போட்டு வைக்கிறன்!"

இதற்குள் வாய் நிறைய அவருடைய வெற்றிலைச் சாறு ஊறிவிட்டது. பதில் சொல்ல முடியாமல் தலையை ஆட்டுகிறேன்.

அவர் முகம் மலர்கிறது.