வாயை மூடிக்கொண்டு ஒரு யாம் செங்

போன வாரம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையேறி, கிளாசைத் தூக்கி, "யாஆஆஆம்..." என்று மூச்சு முட்ட இழுத்தார்கள். சீனர் விருந்துகளிலிருந்து வந்து நம்மிடமும் ஒட்டிக்கொண்ட, கிளாசைக் காலியாக்கச் சொல்லும் வாழ்த்து வழக்கம்தான். கடைசியில் "செங்!" என்று மண்டபமே அலறியது. நான் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு, எதிர் மேசையில் ரோஸ் சிராப் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, பிரஷரா?" என்றார் பக்கத்திலிருந்த அங்கிள்.

பிரஷர் இல்லை, பிரிக்பீல்ட்ஸ் பழக்கம். படிப்பு முடித்த புதிதில் அந்த வட்டாரத்தில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன சிகிச்சை மையத்தில் வேலை பார்த்தேன். விழுங்கச் சிரமப்படும், நாக்கும் உதடும் சொன்ன பேச்சைக் கேட்காத குழந்தைகள் வருவார்கள். படியில் மல்லிகை வாசனை, மேலே போனால் ரொட்டியில் தடவும் காயா ஜாம் வாசனை. காயா எதற்கு என்கிறீர்களா? உதட்டோரம் துளி தடவி, நாக்காலேயே நக்கி எடுக்கச் சொல்வோம். நாக்குக்கு அதுதான் கசரத்து. குழந்தைகள் சலிக்கக் கூடாதென்று நானும் தடவிக்கொள்வேன். ஒருநாள் மூக்கு நுனியில் காயாவோடு பெட்டாலிங் ஜெயா வரை எல்ஆர்டி ரயிலில் போயிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள்!

அங்கேதான் ஐந்து வயது தர்ஷினி வந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் விழுங்கும் தசைகள் தளர்ந்துவிட்டன. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால். விழுங்கப் பழகாவிட்டால் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா முனியாண்டி அண்ணன் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். அந்த ஆபரேஷன் பயத்தில் அவருக்கும் சோறு இறங்கவில்லை.

தர்ஷினியோ விழுங்கிப் பழகக் கொடுத்த கெட்டிக் கஞ்சியைக் கன்னத்தில் பதுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்தேன். எல்லாவற்றையும் அப்பா கையில் ஒட்டினாள், அவரும் அப்படியே லோரி ஓட்டப் போனார். ஆடினேன், யானை மாதிரி பிளிறினேன். ம்ஹூம்.

ஒருநாள் அண்ணன் பொறுமையிழந்து தன் டம்ளரைத் தூக்கினார். "சித்தப்பா கல்யாணத்துல எல்லாரும் கத்துனாங்களே, ஞாபகம் இருக்கா? நீ முழுங்கு, அப்பா யாம் செங் போடுறேன்!"

மடக்! தர்ஷினி விழுங்கிவிட்டாள்.

போட்டார் பாருங்கள் ஒரு யாம் செங், லோரி ஹாரன் தோற்றது! வெளியே காத்திருந்த மலாய், சீனப் பெற்றோர்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஸ்பூன் வாயில் இருக்கும்போதே நான் "யாஆஆம்" என்று ஆரம்பிக்க, அவள் சிரிக்க, புரையேறி முகம் சிவந்துவிட்டது. மூத்த தெரப்பிஸ்ட் தேவி அக்கா ஓடிவந்து அவளை முன்பக்கம் சாய்த்துப் பிடித்தார். இருமல் அடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"வாய் காலியாகட்டும், அப்புறம் கத்து லா."

அதுவே சட்டமானது. ஸ்பூன் உள்ளே போனதும் அறையே உதட்டை மூடிக்கொள்ளும். எல்லார் கண்ணும் அவள் தொண்டையில். அது ஏறி இறங்கி, அவள் வாயைத் திறந்து காலி என்று காட்டியதும் வெடிப்போம். பூக்கடை அக்கா கீழேயிருந்து துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். முதலில் கோபத்தில், பிறகு குஷியில்.

மாதங்கள் ஓடின, கஞ்சி இளகியது. நீர்க்க நீர்க்கத்தான் விழுங்கக் கஷ்டம், தண்ணீர்தான் கடைசிப் பரீட்சை. எக்ஸ்ரேயில் அவள் விழுங்குவதைப் பார்த்த டாக்டர், இனி தண்ணீரும் கொடுக்கலாம், நன்றாகக் குடித்தால் குழாயை எடுத்துவிடலாம் என்றார். அண்ணன் எல்லாரையும் திரட்டினார், பூக்கடை அக்கா உட்பட. நாங்கள் வாயை மூடிக்கொண்டு தயாராக நிற்க, தர்ஷினி அந்த அக்காவிடம் ஏதோ பூனைக்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கதை நடுவிலேயே டம்ளரை எடுத்தாள், குடித்தாள், வைத்தாள், பூனையைத் தொடர்ந்தாள். எங்களுக்கு உறைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கட்டடமே அதிர்ந்தது.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏன் மிஸ் கத்துறீங்க? தண்ணிதானே குடிச்சேன்!"

அடுத்த வாரம் குழாய் போயிற்று. இப்போது அந்தக் கடை வரிசையும் போய்விட்டது. கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது, மல்லிகையும் இல்லை, காயாவும் இல்லை. இப்போதைய மையங்களில் குழந்தைகள் விழுங்கினால் டேப்லெட் திரையில் மணி அடிக்கிறது.

போன வாரம் எதிர் மேசையில் சிராப் குடித்தவள் தர்ஷினிதான். கல்லூரிக்குப் போகிறாள். அந்த அறையே அவளுக்கு ஞாபகமில்லை. வாய் நிறைய சிராப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள், கழுதை! மண்டபம் அலறிக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் இன்னொரு வாயும் இறுக மூடியிருந்தது. முனியாண்டி அண்ணன். அவள் தொண்டை இறங்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாரும் கத்தி ஓய்ந்துவிட்ட பிறகு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கத்தினோம்.