கிண்ணியாக் கடைக்குக் கண்ணாடி போட்ட கதை

வெயில் இல்லாத ஊரில் வெயில் தடுக்கும் கண்ணாடி விற்க முடியாது. வெயிலோடு பிறந்தவர்களுக்கு விற்பது அதைவிடக் கஷ்டம். விற்பனை வேலையில் நொந்துபோன என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டடங்களுக்குப் போடும் எங்கள் கண்ணாடியில் மெல்லிய, பளபளக்கும் பூச்சு ஒன்று இருக்கும். அது வெக்கையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கிண்ணியாவில் ஹாஜியார் ஒருவர் சேலை, சேட்டு என்று எல்லா உடுப்பும் விற்கக் கட்டிக்கொண்டிருந்த புடவைக்கடையின் ஓடர் சரிவந்தால் திருகோணமலைக் கிளை தப்பும், இல்லாவிட்டால் உம்மைக் கொழும்புக்கு மாற்றுவோம் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார். இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என் மனைவியோ, "போறதெண்டால் நீங்கள் தனியத்தான் போவீங்கள்" என்று கதையை முடித்துவிட்டாள்.

கை வைத்துப் பாருங்கள்

கம்பனி தந்த பெட்டிக்குள் சூடான பல்ப் ஒன்று, அதற்கு முன்னால் இரண்டு கண்ணாடிகள்: ஒன்று சாதாரணம், மற்றது எங்களுடையது. இரண்டிலும் கை வைத்தால் வித்தியாசம் தெரியும். ஹாஜியார் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் முன்பு பேக்கரி நடத்தியவர், போறணைச் சூட்டில் பாண் எடுத்துப் பழகிய கை அது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். "ரெண்டும் ஒண்டுதான்" என்றார். பதறிப்போய், "இல்லை ஹாஜியார், இங்க பாருங்கோ" என்று சாதாரணக் கண்ணாடியில் என் உள்ளங்கையை அப்படியே பதித்தேன். நான் போட்ட சத்தத்தில் கட்டட வேலையாட்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஹாஜியார் அமைதியாகச் சொன்னார்: "இப்பதான் விளங்கிச்சு தம்பி. போடுங்க."

பூட்டிய கடை

கடை திறந்த அன்று ஏசி போட்டு உள்ளே நல்ல குளிர். ஆனால் ஒருவரும் வரவில்லை. பகலில் வெளியே நின்று பார்த்தால் அந்தக் கண்ணாடியில் வானமும் ரோட்டும்தான் தெரியும், புடவை தெரியாது. கடை பூட்டு என்று சனம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கதிரையை முட்டுக்கொடுத்துக் கதவை அகலத் திறந்து விட்டேன். சனம் உள்ளே வந்தது, குளிர் வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஓட்டோக்கள் வரிசையாக வந்து நின்றன. ஓட்டுநர் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "உங்கட கண்ணாடி நல்லா வேல செய்யுது அண்ணன், ரோட்டு முழுக்கக் குளிருது."

மேல்மாடி

ஹாஜியாரின் அலுவலக அறை மேல்மாடியில், ரோட்டைப் பார்த்தபடி. உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்று நான்தான் வாய் கிழியச் சொல்லியிருந்தேன். இருட்டிய பிறகு உள்ளே லைட் போட்டால் எல்லாம் மாறிவிடும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். முதுகுவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை ஹாஜியார் சாரமும் பெனியனுமாக அங்கேதான் செய்வார். எதிரே தேத்தண்ணிக் கடையில் சனம் கதிரைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறது. டெலிபோனில் அவர் என்னை ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "தம்பி, நான் குனிஞ்சா கீழ கை தட்டுறாங்க."

முகாமையாளர் வந்த நாள்

மேல்மாடிக்குத் திரை போட்டாகிவிட்டது. என் மானத்துக்குத்தான் திரை இல்லை. முகாமையாளரோடு கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போதே, கொழும்பில் எங்கே அறை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் கூட்டம். சண்டைதான் என்று நினைத்தேன். கிட்டப் போனால், ஒருவர் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுகிறார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே மீசையைச் சரிபார்க்கிறார். கலியாண வீட்டுக்குப் போகும் குடும்பம் ஒன்று வான் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி நின்று உடுப்பைச் சரிசெய்கிறது.

வெக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று முகாமையாளர் ஹாஜியாரிடம் கேட்டார். நான் திறந்து கிடந்த கதவை என் முதுகால் மறைக்கப் பார்த்தேன். ஹாஜியார் சிரித்தார். "வெக்கைய உடுங்க. சனம் கண்ணாடியில தன்னப் பாத்துட்டு, போட்டிருக்கிற சேட்டு பழசாப் போச்செண்டு உள்ளுக்கு வருது. என்ட மச்சான்ட கடைக்கும் இதையே போடுங்க."

ஆகவே நான் கொழும்புக்குப் போகாமல் இங்கேயே இருந்து வெயில் தடுக்கும் கண்ணாடி விற்கிறேன், சனம் முகம் பார்க்கும் கண்ணாடி வாங்குகிறது.