விஜயகுமாரி ரிஜெக்ட் செய்த மேஜை

என் மனைவி விஜயகுமாரி ஐந்து முறை ஃபெயிலான பரீட்சை ஒன்று உண்டு. ஆங்கிலப் பரீட்சை. அதிலும் இன், ஆன், அட், அண்டர் என்று பிரிபொசிஷன் கேட்கும் இருபது மார்க் பகுதிதான் அவளுக்குச் சனியன். அதில் குறைந்தது பத்து வாங்க வேண்டும் என்பது விதி. அவள் நாலைத் தாண்டியதில்லை.

நாச்சாரத்தில், ராணுவத்துக்கு வால்வு செய்து கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவள் சீனியர் இன்ஸ்பெக்டர். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே ஸ்டோர்ஸில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ரிடையரானவன் நான், உப்பிட்டவரை நினைக்க வேண்டும். ஒரு வால்வைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாலே அவளுக்குக் குறை தெரிந்துவிடும். கேஜ் வைத்து அளப்பதெல்லாம் மற்றவர்கள் நம்புவதற்காக. குறை இருந்தால் சிவப்பு டேக் கட்டிக் கையெழுத்துப் போடுவாள். ஆனால் அந்தக் கையெழுத்து கடைசி அல்ல, அதற்கு மேல் ஓர் ஆபீஸர் கையெழுத்துப் போட முடியும். மாதக் கடைசி அவசரத்தில் ஆபீஸர் ‘பரவாயில்லை, அனுப்பலாம்’ என்று எழுதி டேக்கை அவிழ்த்துவிடுவார். அப்படி அவிழ்ப்பவர் மாதவ். அவளிடம் டிரெய்னியாக வந்து, கேஜைத் தலைகீழாகப் பிடித்தவர்.

பரீட்சை பாஸானால் விஜயாவும் ஆபீஸர். அவள் கையெழுத்தே கடைசிக் கையெழுத்து. போன மார்ச்சில் ஆறாவது தடவை எழுதப் போனபோது, அவள் ரிடையராக இரண்டே மாதம் இருந்தது.

“ரெண்டு மாசத்துக்கு இவ்ளோ கஷ்டம் எதுக்கு?” என்று கேட்டேன்.

“ரெண்டு மாசம் போதுங்க. ஒரே ஒரு டேக். அதுக்கு மேல எவனும் கையெழுத்து போடக் கூடாது. அதப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துடறேன்” என்றாள்.

அவள் ஃபெயிலானது அறிவில்லாமல் அல்ல. ‘குழாயில் விரிசல் இருக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் முடிக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. அவள் கோடிட்ட இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “விரிசல் எவ்ளோ ஆழம்னு குடுக்கலீங்க. மேலாப்பல இருந்தா ஆன், உள்ள போயிருந்தா இன். அளக்காம எப்படி எழுதறது?” என்றாள். எங்கள் மகள் ஹம்ஸினி பெங்களூரிலிருந்து, “ஜஸ்ட் கெஸ் சேசெய் அம்மா” என்று பாதித் தெலுங்கில் போனில் சொன்னாள். குத்துமதிப்பாக எழுது என்று ஓர் இன்ஸ்பெக்டரிடம் சொன்ன குற்றத்துக்காக விஜயா பெற்ற மகளோடு நாலு நாள் பேசவில்லை.

ஆறாவது தடவைக்கு அவளே ஒரு முறை கண்டுபிடித்தாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வது. சரியாக வந்தால் அதில் பச்சை டேக். தப்பாக வந்தால் சிவப்பு. சிவப்பு கட்டிய சாமானை வைத்துப் பத்து வாக்கியம் சரியாக எழுதும் வரை அதை யாரும் தொடக் கூடாது.

கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தொட்டால் என்ன என்கிறார்கள். முப்பத்துநாலு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவனுக்குத்தான் தெரியும், சிவப்பு டேக்கைக் கண்டால் கை தானாகப் பின்னால் போய்விடும். டேக் கட்டியவர் விடுவிக்கும் வரை அந்தச் சரக்கு பொன்னாலானது என்றாலும் தொட மாட்டோம்.

முதலில் ஃபிரிட்ஜுக்குச் சிவப்பு. மூன்று நாள் பால் பாக்கெட்டைத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தேன். அடுத்து சோபா. தரையில் உட்கார்ந்து செய்தி பார்த்தேன். பிறகு பாத்ரூம் கதவு. துண்டும் சோப்புமாக எதிர் ஃபிளாட் இர்பான் பாய் வீட்டு மணியை அடித்தபோது அவர், “கைக்கு ஜெகநாதன் சாப், ஏன், தண்ணி வரலயா?” என்று கேட்டார். தண்ணி வருது, டேக் விழுந்துடுச்சு என்றேன். மறுநாளிலிருந்து எனக்காக கீசரைப் போட்டு வைத்தார்.

கடைசியில் என் முறை வந்தது. நான் கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ‘என் கணவர் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்’ என்பதை அவள் சொல்லிப் பார்த்தாள், பிசகிவிட்டது. வந்து என் சட்டைப் பொத்தானில் சிவப்பு டேக்கைக் கட்டினாள்.

“விஜயா, ரேஷன் கடை மூடிடுவான்.”

“நக்கோ, நகரக் கூடாது. பத்து வாக்கியம் முடியட்டும்” என்றாள்.

நின்றேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றேன். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். மாலை நாலு மணிக்குப் பத்தாவது வாக்கியத்தை எழுதி, அவிழ்த்துவிட்டாள். அன்றோடு வீடு முழுக்கப் பச்சை. அவளுக்கு எல்லாம் மனதில் ஏறிவிட்டது, நான் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் என்று நம்பினேன்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை, தொழிற்சாலை கேன்டீனில். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு கேட் அருகே காத்திருந்தேன். அரை மணிகூட ஆகவில்லை, மாதவ் வியர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். “அங்கிள், உள்ள வாங்க. மேடம் கேள்வித்தாளுக்கு ரெட் டேக் கட்டிட்டாங்க.”

உள்ளே போய்ப் பார்த்தால் பன்னிரண்டு பேர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுதவில்லை. கேள்வித்தாளில் ஓர் அறையின் படம். மேஜை, நாற்காலி, பூனை, கடிகாரம். எது எங்கே இருக்கிறது என்று இருபது வாக்கியம் முடிக்க வேண்டும். வரைந்தவன் மேஜைக்கு மூன்று கால்தான் போட்டிருந்தான், நாலாவது இருக்க வேண்டிய மூலையில் வெறும் தரை. விஜயாவின் டேக்கில் பொருள், வினாத்தாள். குறை, ஒரு கால் இல்லை. எண்ணிக்கை, பன்னிரண்டு என்று அழகாக எழுதியிருந்தது. ஒரே அச்சில் வந்த சரக்கு. ஒன்று ரிஜெக்ட் என்றால் மொத்த லாட்டும் நிறுத்தம். அது எங்கள் தொழிற்சாலையில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் மற்ற பதினொரு பேரும் பேனாவை மூடிவிட்டார்கள்.

“மேடம், இது படம்தானே? பூனை எங்க இருக்குன்னு மட்டும் எழுதுங்க” என்றார் மாதவ்.

“மேஜை நிக்காது மாதவ். நிக்காத மேஜைக்கு அடியில பூனைய எப்படி வைக்கறது? நசுங்கிடும்.”

“நான் ஓவர்ரூல் பண்ணிடறேன்.”

“கேள்வித்தாள அப்ரூவ் பண்ணது யாரு?”

மாதவ் தலையைச் சொறிந்தார். அவரேதான். சரக்கை ஏற்றவரே அதன் மேல் விழுந்த டேக்கை அவிழ்க்க முடியாது. வேறு ஆபீஸரைத் தேடினார்கள். பிரிவில் உள்ள ஆறு ஆபீஸர்களும் அந்தத் தாளை ஒப்புக்கொண்டு வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவராவது மேஜையை எண்ணிப் பார்த்திருக்கலாம், செய்யவில்லை. கூட்டிக்கழித்துப் பார்த்தால் அவளைத் தவிர அவிழ்க்க ஆளே இல்லை. புதுத் தாள் அச்சிட்டு ஜூன் மாதம் பரீட்சை என்று அறிவித்தார்கள்.

அவளை ஓரமாக அழைத்து, “ஜூன்ல நீ சர்வீஸ்லயே இருக்க மாட்டே. இன்னும் நேரம் இருக்கு, நீயே அவுத்துடு விஜயா” என்று கெஞ்சினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இதற்காகவா நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்?

திரும்பும் வழியில், தார்நாகா சிக்னலில் நின்றபோது பின்னால் இருந்து, “ஏங்க, எனக்கு இருபதும் தெரியும்” என்றாள்.

“என்னது?”

“படத்தப் பாத்ததும் இருபதும் வந்துடுச்சு. பூன அண்டர்தான். எழுதியிருந்தா பாஸ்.”

பச்சை விழுந்தது, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. எனக்குக் கண் மறைத்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினேன்.

“என் கையெழுத்துக்கு மேல யாரும் போடலீல்ல?” என்று கேட்டாள்.

“யாரும் போடல” என்றேன்.

“போதும். வண்டிய எடுங்க, வெயில் ஏறுது” என்றாள்.