ஏஞ்சல் காரில் எட்டு ஈயக் குண்டு

பாலவாக்கம் குப்பத்தில் பைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிற செபஸ்தியான் என்றால் எல்லாருக்கும் தெரியும். பட்டினப்பாக்கம் லூர்துசாமியின் ரெண்டாவது மருமகன். லூர்துசாமியும் செபஸ்தியானைப் பெற்றவரும் ஒரே கட்டுமரத்தில் பதினாறு வருஷம் கடலுக்குப் போனவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் சின்ன மகள் ரோஸியை இவனுக்குக் கட்டி வைத்தார்கள்.

அந்த லூர்துசாமி செத்த அன்றைக்கு மருமகன் வந்து சேர்ந்தது, குழியில் மண் தள்ளி முடித்த பிறகு. கோவளத்தில் ஒரு போட்டு ஓட்டை விழுந்து நின்றதாம், கலக்கிய பசை இறுகிவிடுமாம், பாதியில் விட்டு வரமுடியவில்லையாம். ரோஸி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மகள் ஏஞ்சலைக் கூட்டிக்கொண்டு சைதாப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. ரெண்டு வருஷம் ஆகிறது. இவன் போன் பண்ணினால் எடுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காக்காரிதான் பிள்ளையை அடையாறு டிப்போவில் கொண்டுவந்து விடுவாள். சாயந்திரம் அதே இடத்தில் வாங்கிப் போவாள்.

தை மாசம் ஒரு ஞாயிறு ஏஞ்சல் பள்ளிக்கூடத்து நோட்டீஸோடு வந்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரக்கார் ஓட்டம். சரிவாக நிறுத்தின பலகையின் மேலிருந்து காரை விடவேண்டும், முதலில் கீழே வருகிறதற்குக் கோப்பை. கார் அரைக்கிலோவைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளே செய்யவேண்டும்.

"மஞ்சக் கலர் அடிக்கணும் நைனா" என்றாள் ஏஞ்சல்.

"அடிச்சிடலாம். நீ போய் அப்படி குந்து, ரம்பம் கையக் கிழிக்கும்."

சாயந்திரத்துக்குள் மரத்தைச் செதுக்கி, சக்கரம் மாட்டி, தன் போட்டுக்கு அடிக்கிற நீலத்தையே அடித்து, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பினான். அடுத்த ஞாயிறு பை திரும்பி வந்தது. உள்ளே பார்த்தால் காரைச் சுற்றி ஜரிகை பார்டர் ஒட்டியிருந்தது.

"இன்னாடி இது, காரா, கல்யாணப் பொண்ணா?"

"அம்மா ஒட்டுச்சு."

செபஸ்தியானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை மாசமோ. ஜரிகையைச் சுரண்டினான். "இது காத்து பிடிக்கும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அதற்கு அடுத்த ஞாயிறு பதில் வந்தது. "காத்து பிடிக்கறதுக்கு அது இன்னா பாய்மரமான்னு அம்மா கேட்டுச்சு." சக்கரத்தையும் ரோஸி மாற்றியிருந்தாள். இவன் மறுபடி மாற்றினான். அவள் சிவப்பு அடித்து அனுப்பினாள், இவன் அதன் மேலேயே நீலம் அடித்தான்.

ரெண்டு வருஷமாகப் பேசாதவள் பேசுகிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. வாரம் முழுக்க அந்தப் பைக்காகக் காத்திருந்தான். டிப்போவில் பிள்ளையைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கை பைக்குள் போகும். போட்டி நாளில் ரோஸியும் வருவாள், அன்றைக்கு நேரில் பேசிவிடவேண்டும், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டுவிடவேண்டும். இதே நினைப்புதான்.

"நைனா, நான் ஒரு ஆணியாச்சும் அடிக்கட்டா?"

"அடுத்த வாரம் அடிப்பே."

கடைசி ஞாயிறு ஏஞ்சல் கடற்கரையில் விளையாடப் போன நேரத்தில், காரின் வயிற்றில் துளை போட்டு, வலையில் கட்டுகிற ஈயக் குண்டு நாலை உள்ளே வைத்து மூடிப் பெயிண்ட் அடித்தான். கனம் இருந்தால் சரிவில் பாயும். மீன்கடைத் தராசில் வைத்துப் பார்த்தான், நானூற்று அறுபது. பிள்ளையிடம் சொல்லவில்லை. அவள் போய் உளறினால் ரோஸி பிடுங்கிப் போட்டுவிடுவாள்.

சனிக்கிழமை அடையாறில் பள்ளிக்கூட மைதானம். பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள் கூட்டம்தான் அதிகம். பிரணவ் என்கிற பையனுடைய அப்பா முட்டி போட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், பையன் ஓரமாக நின்று ஐஸ் தின்றான். ஏழு மணிக்கே வந்துவிட்ட செபஸ்தியான், சலவைச் சட்டையில் வேப்பமரத்தடியில் நின்றான். ரோஸி எதிர்ப்பக்கம் நின்றாள். இளைத்திருந்தாள்.

சண்முகவடிவு டீச்சர் காரைத் தராசில் வைத்தார். "அறுநூத்தி இருபதா? ஏஞ்சல், உள்ளே என்ன வெச்சே?"

"தெரியாது மிஸ்."

"நீதானே செஞ்சே?"

பிள்ளை அப்பாவை ஒரு தரம் பார்த்தாள், அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். "நான் தூக்கிக்கினு போய், தூக்கிக்கினு வந்தேன் மிஸ்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. திருப்புளியை ஏஞ்சல் கையில் கொடுத்து, "நீயே எடு. பெரியவங்க யாரும் கிட்ட வராதீங்க" என்றார்.

அடியில் நோண்டினாள், நாலு குண்டு விழுந்தது. சீட்டுக்குக் கீழே எம்-சீல் பசை பூசியிருந்த இடத்தை நோண்டினாள், இன்னும் நாலு விழுந்தது. அந்த நாலிலும் கத்தியால் கீறின குறுக்குக் கோடு. தன் வலை ஈயத்துக்கு லூர்துசாமி போடுகிற அடையாளம் அது. ரோஸியும் கடல்காரன் மகள்தானே, அவளுக்கும் அதே புத்தி போயிருக்கிறது.

வெறும் காரை ஏஞ்சல் பலகையில் விட்டாள். கோணிக்கொண்டு போய்ப் பாதியில் நின்றது. அவள் மட்டும் துள்ளித் துள்ளிக் கை தட்டினாள்.

எட்டுக் குண்டையும் அப்பா கையில் கொட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடினாள். செபஸ்தியான் கோடு போட்ட நாலைப் பொறுக்கிக்கொண்டு ரோஸியிடம் போனான்.

"உங்கப்பாவுது."

"தெரியும்."

"வெச்சுக்கோ."

"வெச்சுக்கினு? வலையா கட்டப் போறேன்?" அவள் பிள்ளை போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "கார் ஓட்டத்துக்கு எனக்கு முன்னாடியே வந்து நின்னுக்கினு கீறீங்க. எங்கப்பாவ அடக்கத்துக்கு எடுக்கசொல்லோ இப்பிடி வந்திருக்கலாம்."

வீட்டுக்கு வா என்று கூப்பிட வந்தவன், கோடு போட்ட நாலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஏஞ்சல் வந்தாள். தாயும் மகளும் சைதாப்பேட்டை பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

மறுநாள் ஞாயிறு. மஞ்சப்பை வந்தது. டிப்போவிலேயே திறந்து காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நோண்டின பள்ளம் நோண்டினபடியே இருந்தது.

"அம்மா ஒண்ணும் பண்ணலியா?"

"தொடவேயில்ல நைனா."

"ஏதாவது சொல்லுச்சா?"

"இல்லியே. நைனா, இப்ப மஞ்சக் கலர் அடிக்கலாமா?"

வீட்டுக்குப் போனதும் பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தான். பள்ளத்திலெல்லாம் அப்பி, கை, கவுன், தரை எல்லாம் மஞ்சளாக்கி அடித்தாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் அந்த நாலு ஈயமும் கனத்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு டிப்போவுக்கு அக்காக்காரி வந்தாள். ஏஞ்சல் காரைப் பையில் போடாமல் ஜன்னலில் காய வைத்துவிட்டு வந்திருந்தாள். "காயட்டும் நைனா. அங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மஞ்சப்பை வெறுமையாக அவன் கையில் இருந்தது.